பச்சை மையில் ஒரு கொலையாளி

திருமுருகன் வீட்டுக்கு வருகிற எவர் கண்ணிலும் முதலில் படுவது அந்தக் கண்ணாடி பீரோதான். எவர் கண்ணிலும் என்று பெருமையாகச் சொன்னாலும், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரையும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களையும் கழித்துவிட்டால் அதில் ஆள் தேறாது. பீரோ முழுக்கத் துப்பறியும் நாவல்கள். டிடெக்டிவ் மார்த்தாண்டன் தொப்பி வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டு வெயிலில் கோட்டும் போட்டுக்கொண்டு கொலைகாரர்களைப் பிடித்த கதைகள். சாணித்தாளில் அச்சாகி, பஸ்ஸில் படித்துவிட்டு சீட்டிலேயே விட்டுப்போவதற்கென்று பிறந்த புத்தகங்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ஓரத்தில் டேப் ஒட்டி, அந்துருண்டை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார் திருமுருகன். முதல் பதிப்பாக இருந்தால்தான் பீரோவுக்குள் இடம். மறுபதிப்பு என்றால் மார்த்தாண்டனே நேரில் வந்து கொடுத்தாலும் வாங்க மாட்டார்.

மேல் தட்டில் இடது ஓரத்தில் ஒரு புத்தகத்துக்கு இடம் காலியாக இருந்தது. மற்றவை சரியாமலிருக்க ஒரு சோப்பு டப்பாவை நிறுத்தியிருந்தார். மார்த்தாண்டனின் முதல் வழக்கு, 'கிணற்றடியில் ஒரு கைக்கடிகாரம்', வந்து சேர வேண்டிய இடம் அது. தலை நரைக்கும் முன்பிருந்தே தேடுகிறார். தலை நரைத்தது, நரைத்தது கொட்டியது, சோப்பு டப்பா மட்டும் அங்கேயே இருந்தது.

கல்யாணம் ஆகவில்லை. முதலில் ஜாதகம் பொருந்தவில்லை, பிறகு வயது பொருந்தவில்லை, அதற்கப்புறம் கேட்பதையே எல்லாரும் விட்டுவிட்டார்கள். வேலை, மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுப்பது. புதுக்கோட்டை டவுனில் அவருக்குக் கதவு திறக்காத வீடு கிடையாது. "உக்காருங்க" என்று சொன்ன வீடும் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு கதவு திறப்பதும் நின்றுபோயிற்று.

இவ்வளவு புத்தகம் வைத்திருப்பவர் அவற்றைப் படித்திருப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். படிக்கவில்லை. அதற்குக் காரணம் ஒரு அயோக்கியன். பீரோவில் இருப்பதில் பெரும்பாலானவை அரிமளத்தில் எப்போதோ மூடிப்போன ஒரு வாடகை நூல் நிலையத்திலிருந்து வந்தவை. அவற்றில் எதைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் பச்சை மையில் 'கொன்றது தோட்டக்காரன்', 'கொன்றது டாக்டர்' என்று எவனோ எழுதி வைத்திருந்தான். கொலைகாரனைத் தெரிந்துகொண்டு மர்ம நாவல் படிப்பதும் சாம்பார் இல்லாமல் இட்லி தின்பதும் ஒன்று. திருமுருகன் ஒவ்வொரு முறையும் அந்தப் பச்சை மைக்காரனைத் திட்டிவிட்டு, புத்தகத்தை உறைக்குள் போட்டு டேப் ஒட்டிவிடுவார்.

பழைய பேப்பர் கடை வெள்ளைச்சாமி ஒரு நாள் போன் பண்ணினார்.

"சார், ஒங்க கெணத்தடி அரிமளத்துல இருக்கு. அந்த லைப்ரரிக்காரர் மகளே வச்சிருக்கு, அமிர்தவல்லின்னு பேரு. எடைக்கும் தர மாட்டேங்குது, வெலைக்கும் தர மாட்டேங்குது. நல்லாப் படிக்கிற ஆளா இருந்தா நேர்ல வரச் சொல்லுங்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒங்களவிடப் படிக்கிற ஆளு இந்த ஜில்லாவுல யாரு இருக்கான்னு சொல்லிட்டேன். சட்டையத் தேச்சுப் போட்டுக்கிட்டுப் போங்க. பொண்ணு பாக்கப் போற மாதிரி திருதிருன்னு முழிக்காதீங்க."

திருமுருகன் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். முழிப்பதைப் பற்றி எந்த உத்தரவாதமும் தர முடியாத நிலையில் அரிமளம் பஸ் ஏறினார்.

அந்த வீட்டு வாசலில் நின்றதும் பழக்க தோஷத்தில் தலையைத் தூக்கி மீட்டரைப் பார்த்துவிட்டார். கதவைத் திறந்த அமிர்தவல்லிக்கு அவர் வயதுதான் இருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார்.

"ரீடிங் போன வாரமே எடுத்துட்டாங்களே."

"இல்லங்க. வெள்ளைச்சாமி சொன்னாரு... புத்தகத்துக்காக வந்தேன்."

"அட, நீங்கதானா? உள்ள வாங்க. உக்காருங்க."

திருமுருகன் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு நாற்காலி மனசை மாற்றிக்கொள்வதற்குள் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் வேறு ஆள் இருக்கிற சத்தம் இல்லை. மகள் தேவிப்ரியா கோயம்புத்தூரில் இருப்பதாகவும், வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டதாகவும் தண்ணீர் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார் அமிர்தவல்லி. பிறகு உள்ளே போய், பழைய சேலைத் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து பிரித்தார். அட்டையில் கிணறு, தொங்கும் கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு கைக்கடிகாரம். உள்ளே 'முதற் பதிப்பு'. திருமுருகன் கையை நீட்டினார். அமிர்தவல்லி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"மார்த்தாண்டன் அம்புட்டும் வச்சிருக்கீங்களாமே. சும்மா கேக்குறேன், சொல்லுங்க. 'பனிமூட்டத்தில் ஒரு பங்களா'வுல கொன்னது யாரு?"

பரீட்சை என்று புரிந்தது. நல்லவேளை, விடை கையில் இருந்தது. "தோட்டக்காரன்."

"'ஏழாம் நம்பர் லாக்கர்'?"

"பேங்க் மேனேஜரோட மச்சான்."

"'வெள்ளிக்கிழமை விருந்தாளி'?"

"டாக்டர்தாங்க. இதுல என்ன சந்தேகம்!"

அமிர்தவல்லி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. முதலில் அழுகிறாரோ என்று பயந்துபோனார் திருமுருகன். சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரும் சிரிப்பு.

"சார், ஒண்ணுகூடப் படிக்கலயா நீங்க?"

"அது... எவனோ ஒருத்தன் பச்சை மையில..."

"எவனோ இல்ல சார், நான்தான். அம்புட்டும் பொய்யி!"

இத்தனை காலம் திருமுருகன் தேடாமலே விட்ட குற்றவாளி எதிரே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுதியது ஆண் என்று நினைத்தது முதல் தப்பு. எழுதியது உண்மை என்று நம்பியது அடுத்த தப்பு. மார்த்தாண்டன் இவரை உதவியாளராகக்கூடச் சேர்த்திருக்க மாட்டான்.

"எதுக்குங்க இப்படி?"

"பத்தாப்பு முடிச்சதும் எங்கப்பா என்னயக் கல்லாவுல உக்கார வச்சுட்டாரு. வருவாங்க, புத்தகத்த வைப்பாங்க, வேற எடுப்பாங்க, போயிருவாங்க. மூஞ்சியக்கூட ஏறிட்டுப் பாக்க மாட்டாங்க. பொய்ய எழுதி வச்ச பெறகு பாக்காமப் போக முடியுமா? 'யாரும்மா இப்படி எழுதுறது, தோட்டக்காரன் பாவம், மூணாம் அத்தியாயத்துலயே செத்துப் போறான்'னு சண்டைக்கு வருவாங்க. நானும் ஒண்ணும் தெரியாத மாதிரி பதிலுக்குப் பேசுவேன். நல்லாப் பொழுது போகும். எங்கப்பா கடைசி வரைக்கும் அந்த ஆளத் தேடிக்கிட்டே இருந்தாரு."

பேசுவதற்கு ஆள் வேண்டி ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு, யாரிடமும் பேசாமல் டேப் ஒட்டிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று திருமுருகனுக்குத் தோன்றியது.

"அப்ப... இந்தப் புத்தகம்?"

"விக்கிறதுக்கு இல்ல. படிக்கத் தாரேன். ஒரு வாரம். லைப்ரரி ரூல்."

"லைப்ரரிதான் மூடியாச்சேங்க."

"ரூல இன்னும் மூடல."

புத்தகத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். முதல் பக்கத்தில் பச்சை மை: 'கொன்றது கணக்குப்பிள்ளை'. சிரித்துக்கொண்டார். சரி, கணக்குப்பிள்ளை தப்பித்தான். மற்றவர்களைப் பார்ப்போம்.

பஸ்ஸில் தொடங்கியது வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தொடர்ந்தது. பண்ணையாரைக் கிணற்றில் தள்ளியது யார்? மனைவியின் தம்பி மீது சந்தேகம், பாட்டு வாத்தியார் மீது அதைவிடச் சந்தேகம். கணக்குப்பிள்ளை மட்டும் தங்கமான மனுசன். முன்னறையில் தனியாகச் சாப்பிடுவான். அந்தப் பெரிய வீட்டில் அவனை யாரும் உட்காரச் சொன்னதில்லை. அவன் வருகிற பக்கங்களைத் திருமுருகன் மெதுவாகப் படித்தார். அவன் நல்லவன் என்று முன்கூட்டியே தெரிந்து படிப்பதில் ஒரு நிம்மதி இருந்தது. ஒரு இடத்தில் ஆர்வத்தில் காபி டம்ளரைப் புத்தகத்தின் மேலேயே வைத்துவிட்டார். அட்டையிலிருந்த கிணற்றைச் சுற்றி வட்டமாக இன்னொரு கிணறு விழுந்தது. நேற்றுவரை இருந்த திருமுருகனாக இருந்தால் நெஞ்சைப் பிடித்திருப்பார். இவர் துண்டால் துடைத்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டினார்.

கடைசி அத்தியாயத்தில் மார்த்தாண்டன் எல்லாரையும் கூடத்தில் நிற்க வைத்தான். தொப்பியைக் கழற்றினான். "கணக்குப்பிள்ளை, உங்கள் கைக்கடிகாரம் எங்கே?" என்றான்.

மறுநாள் புத்தகத்தோடு முதல் பஸ்ஸிலேயே அரிமளம் போய் இறங்கினார். மீட்டரைப் பார்க்கவில்லை. கதவைத் தட்டிய தட்டில் எதிர்வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது.

"இது நியாயமாங்க? ஒரு மனுசன இப்படியா ஏமாத்துறது? அம்புட்டும் பொய்யின்னு நீங்கதானே சொன்னீங்க!"

அமிர்தவல்லி கதவைத் திறந்தார். தலை சீவி முடிக்கவில்லை. முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"அம்புட்டும் பொய்யின்னு சொன்னேன்ல? அதுவும் பொய்யி."

"அந்தக் கணக்குப்பிள்ளை எவ்வளவு நல்ல ஆளு! தனியாச் சாப்புடுறான், தனியாத் தூங்குறான்..."

"தனியா இருக்கறவுகள நம்பவே கூடாது சார். அவுக என்ன வேணாலும் செய்வாக. பச்சை மையில எழுதக்கூடச் செய்வாக. வாசல்ல நின்னு கத்தாதீங்க. உள்ள உக்காந்து கத்துங்க."

உள்ளே உட்கார்ந்து கத்தினார். அமிர்தவல்லியும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆறாம் அத்தியாயத்திலேயே அவன் மணிக்கட்டில் வெளுத்த தடம் இருந்ததைக் கவனிக்காத ஆளெல்லாம் மர்ம நாவல் சேர்க்கலாமா என்று கேட்டார். இடையில் காபி வந்தது. அட்டையிலிருந்த வட்டத்தை அவர் விரலால் தடவிப் பார்த்தார். புத்தகத்தைச் சேலைத் துணியில் சுற்றி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

"இது ஒங்களுக்கு வேணும்னா, ஒங்க பீரோவுல இருக்கற எங்க புத்தகம் அம்புட்டையும் படிச்சு முடிங்க. ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணு. வந்து யாருன்னு சொல்லணும். அம்புட்டும் முடிஞ்சாத்தான் கெணத்தடி."

"அதுக்கு ரொம்ப நாளாகுமேங்க."

"எனக்கொண்ணும் அவசரமில்ல."

புதுக்கோட்டைக்குத் திரும்பியபோது வீடு வழக்கம்போல அமைதியாக இருந்தது. சோப்பு டப்பா அதே இடத்தில் நின்றது. பக்கத்திலிருந்த 'ஏழாம் நம்பர் லாக்கர்' புத்தகத்தை எடுத்து, டேப்பைக் கத்திரிக்கோலால் வெட்டினார். அந்துருண்டை வாசனை குப்பென்று வந்தது. 'கொன்றது பேங்க் மேனேஜரின் மச்சான்' என்ற பச்சை எழுத்தைத் தாண்டிப் படிக்க ஆரம்பித்தார்.

சோறு ஆறிப்போகிற நேரத்தில் ஓர் இடத்துக்கு வந்து நிறுத்தினார். மறுபடி முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். பேங்க் மேனேஜர் ஒண்டிக்கட்டை. கூடப்பிறந்தவர்கள், சொந்தபந்தம் என்று யாரும் கிடையாது. மச்சான் என்று ஒருவன் இருக்கவே வழியில்லை.

"அடிப்பாவி!" என்றார் வாய்விட்டு.

கேட்க வீட்டில் யாரும் இல்லை. இதை ஞாயிற்றுக்கிழமை வரை வாய்க்குள்ளேயே வைத்திருக்க வேண்டும்.