பட்டிழை இடம்மாறிய பதினொரு நாள்

கடலின் மட்டத்தினும் தாழ்ந்து கிடந்தும் கடலுக்கு ஒருநாளும் தலைவணங்காத எங்கள் தோலன் தீவின்மீது, கோடையை வழியனுப்ப மனமில்லாத இளவெயில் ஒன்று, விடைபெற்ற பின்னும் வாயிற்படியில் நின்று பேசிக்கொண்டிருக்கும் விருந்தினரைப் போலத் தங்கி நிற்க, நெடிய மண்ணணையின் சரிவெங்கும் ஆடுகள் மேய்ந்திருக்க, பேரிமரங்கள் வரிசை பிறழாது கனிசுமந்து நிற்க, கோவில் கோபுரத்து மணி பன்னிரண்டு முறை ஒலித்து ஓய்ந்த அந்நண்பகலில், வீடுதோறும் உருளைக்கிழங்குப் பானைகளின் மூடிகள் ஒருமித்துத் துள்ளத் தொடங்கின. கற்றறிந்த வாசகரே, இத்துணை அமைதி தவழ்ந்த நல்வேளையில்தான், ஐம்பத்தொன்பது அகவையும் அதற்கேற்ற அறிவின்மையும் நிரம்பிய மரீனுஸ் ஆகிய யான், எங்கள் குடும்பத் திருமறையை, தோலுரித்த கிழங்குகள் மிதந்த வாளிக்குள் வீழ்த்தினேன்.

குற்றம் குளவியுடையது என்று நெடுநாள் சொல்லி வந்தேன். பழுத்த பேரிக்காயை விட்டு என் மூக்கைத் தேர்ந்தெடுத்த அக்குளவியை விரட்டத் தொப்பியைச் சுழற்றியவன் யானே. சன்னல் மேடையிலிருந்து நூல் சரிந்ததும் என் முழங்கை பட்டே. ஈரம் சொட்டச் சொட்ட அதனை எடுத்து அடுப்பருகே விரித்தபோது, பக்கங்கள் பிழைத்தன. படித்த இடத்தைக் காட்டும் பட்டிழையோ பசைவிட்டுக் கழன்று ஒரு கிழங்கைச் சுற்றிக் கிடந்தது. அதனைத் துடைத்து, நூல் தானாக விரிந்த இடத்தில் செருகி, "நேத்து விட்ட எடம் இதுதான்" என்று ஒரு நடுவரின் உறுதியோடு அறிவித்தேன். எவரும் மறுக்கவில்லை.

எங்கள் வீட்டில் நண்பகல் உணவுக்குப்பின் ஓர் இயலும், மாலை உணவுக்குப்பின் ஓர் இயலும் படிப்பது, என் பாட்டனார் எங்கள் உணவுமேசையை வாங்கிய நாள்முதல் ஒருவேளையும் தவறாத வழக்கம். தொடக்கம் முதல் முடிவுவரை, எதையும் தாண்டாமல், பெயர்ப்பட்டியல்களையும் அளவுக் கணக்குகளையும் கூட விடாமல் படித்து, முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவோம். வெள்ளம் வந்த ஆண்டில் மாடியறையில் மெழுகுத்திரி ஏற்றிப் படித்தார்களாம். அவ்வழக்கமோ அந்நாட்களில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தது. இரு வாரத்தில் வரவிருந்த சனிக்கிழமை யானும் என் மனைவி யாக்கொமினாவும் ஊருக்குள் ஒரு சிறுவீட்டிற்குக் குடிபெயர, தோட்டமும் வீடும் மேசையும் எங்கள் மகன் கொர்னேலிஸின் கைக்கும், இளவேனிலில் ரோட்டர்டாமிலிருந்து மணமுடித்து வந்து, உயிர்ப்புத் திருநாளில் திருமுழுக்குப் பெற்ற அவன் மனைவி சன்னவின் கைக்கும் மாறவிருந்தன. மேசையோடு படிப்பும் மாறுமா என்பதே என் நெஞ்சைக் குடைந்த வினா. மகனோ அதற்கு விடைதராமல் நழுவுவதில் விலாங்கினும் வல்லவன்.

பதினோராம் நாள் மாலை, இறைவாக்கினர் ஒருவரின் துயரைக் கணீரென்று முழங்கிக்கொண்டிருந்த யான், பக்கத்தின் ஓரத்தில் கடுகுக்குழம்பின் மஞ்சள் துளி ஒன்றைக் கண்டு படிப்பை நிறுத்தினேன். அத்துளியை அங்கே சிந்தியவன் யானே. சிந்தியது என் பிறந்தநாளன்று. பிறந்தநாள் கழிந்து மூன்று வாரம். அப்படியாயின், பதினொரு நாட்களாக, இருபத்திரண்டு வேளை, முன்னரே படித்து முடித்த இயல்களையே மீண்டும் படித்திருக்கிறேன். ஒரு புருவமும் உயரவில்லை, ஒரு வாயும் திறக்கவில்லை.

என்னுள் சினம், அணையின் அடியில் ஊறும் உப்புநீர் போல ஓசையின்றி ஏறியது.

"மூணு வாரத்துக்கு முன்னாடி படிச்சதைத்தான் இத்தனை நாளா படிச்சுக்கிட்டிருக்கேன். ஒருத்தருக்குமா தெரியல?" என்றேன்.

"எனக்கென்னவோ எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு. அவரு அழுவாரு, ஊரு எரியும்," என்றான் கொர்னேலிஸ். "சரி விடுங்கப்பா. யாருக்கும் தெரியல, யாருக்கும் நட்டமில்ல."

"காது எங்கடா வெச்சிருந்தே?"

"நீங்க வெச்ச எடத்துலதான். வாயை வெச்சிருந்த உங்களுக்கே தெரியலையே."

அவன் சொன்னது உண்மையாயிருந்தமையால் அது பொறுக்க முடியாததாயிருந்தது. பிறகு அவன் தன் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினான். நாள்தோறும் காலையில் ஒரு மணியொலி, ஓர் இறைமொழி, தொட்டதும் ஒரு பச்சைக்குறி. நூற்றுப்பன்னிரண்டு நாள் இடைவிடாத பச்சை. "இதுவும் பழக்கந்தானே? இது எடம் தவறாது," என்றான்.

பச்சைக்குறி, வாசகரே! இறைவனோடு பேசியதற்குச் சான்றாக ஒரு பச்சைக்குறி! நேற்றைய இறைமொழி எது என்று கேட்டேன், உதட்டைப் பிதுக்கினான். முப்பத்துமூன்று ஆண்டு மேசைத்தலையில் அமர்ந்து, மூச்சுவிடும் இடமும் மாறாமல் முழங்கி, முடித்ததும் நெஞ்சு நிறைந்ததாக எண்ணி எழுந்த என் ஒவ்வொரு நாளும், நிறம் மட்டும் இல்லாத அதே குறியன்றி வேறென்ன என்று என்னுள் ஒரு குரல் கேட்டது. அக்குரலின்மேல் கொண்ட சினத்தையும் சேர்த்து மகன்மேல் கொட்டினேன். வயலிலே ஆள் நின்றால்தான் உழவு என்றும், ஆளின்றி ஓடும் கலப்பைக்கு எங்கள் ஊரில் வேறு பெயர் உண்டென்றும் கத்தினேன். கத்தியவன் எங்கே நின்றிருந்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

யாக்கொமினாவிடம் திரும்பி, "உனக்குமா தெரியல?" என்றேன்.

"மரீனுஸ், பால் பொங்குது," என்று எழுந்தாள். அடுப்பில் பால் இல்லை.

மறுநாள், அணைமேல் மிதிவண்டியில் வந்த சபைமூப்பர் பாஸ்டியானை வழிமறித்தேன். கேளாத செவிக்கு நாள்தோறும் படிப்பதில் பொருளுண்டா என்ற என் வினாவை முழுதும் கேட்டு, முகம் சிவந்து, "நான் கோவில்ல தூங்குறேன்னு உன் பொண்டாட்டி சொன்னாளா?" என்றார்.

"இல்லீங்க, நான் கேக்கறது என்னைப் பத்தி."

"கண்ணை மூடிக்கிட்டாத்தான் எனக்கு நல்லாக் கேக்கும். பேரிக்காய் இந்த வருசம் எப்படி?" என்று வினவி, விடைக்குக் காத்திராமல் எதிர்காற்றிலும் விரைந்து மறைந்தார். தீவு முழுவதும் சூழ்ச்சி செய்து என் வினாவை மட்டும் புறக்கணிப்பதாகப் பட்டது.

வெள்ளிக்கிழமை, வீட்டில் எங்கள் இறுதி நண்பகல். உணவுக்கு மணியடிக்கச் சிறிது பொழுதிருக்க, கனி தரம்பிரிக்கும் கொட்டகைக்குள் நுழைந்தேன். சன்ன தனியே நின்று, அடிபட்ட பேரிக்காய்களை ஒருபுறமும் நல்லவற்றை மறுபுறமும் இட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் மட்டும் யான் கேட்டிருக்கவில்லை. நேற்று வந்தவள், அவளுக்கு என்ன தெரியும் என்று எண்ணியிருந்தேன். என் மடமைகளுள் இதுவே தலையாயது.

"சன்ன, சுத்தி வளைக்காம சொல்லும்மா. உனக்காவது தெரிஞ்சுதா?"

"மொதல் நாளே தெரியும் மாமா. பட்டிழையை நீங்க பழைய பக்கத்துல செருகுறதைப் பாத்தேன்," என்றாள், கை நிற்காமல்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்களே." ஒரு காயைத் திருப்பிப் பார்த்துப் பெட்டியில் இட்டாள். "மொத தடவை நீங்க படிச்சப்போ நான் எங்க கேட்டேன்? எப்போ கையைக் கூப்பணும், எப்போ கண்ணைத் தொறக்கணும், யாரு என்னைப் பாக்குறாங்கன்னு தட்டுல மிச்சமிருந்த பட்டாணியை எண்ணிக்கிட்டு இருந்தேன். ரெண்டாவது தடவை கை தானா கூப்பிக்கிச்சு. அப்பத்தான் காது காலியா இருந்துச்சு. ஊரைச் சுத்திப் படை நிக்குது, அழுவுற அந்த மனுசன் சிறையில உக்காந்துக்கிட்டு, பறிபோகப்போற ஊர்ல நெலம் வாங்குறாரே, அது அன்னைக்குத்தான் கேட்டுச்சு."

இரண்டாண்டாக விலையில்லாத பேரியும், வடக்குவயலில் ஏறிவரும் உப்பும், இத்தோட்டத்தை ஏற்பதா விட்டுவிடுவதா என்று அவ்விருவரும் மெல்லிய குரலில் வழக்காடியதும் எனக்குத் தெரியும்.

"அதுவரைக்கும் ரோட்டர்டாமுக்கே திரும்பிடலாம்னுதான் அவர்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன்," என்றாள்.

முப்பத்துமூன்று ஆண்டு யான் முழங்கியதில் எனக்கு எட்டாதது, என் முழங்கை செய்த பிழையால் இப்பெண்ணுக்கு எட்டியிருந்தது. மேசையருகே ஒருநாளும் தவறாமல் அமர்ந்தது வீணில்லை போலும். அமர்ந்ததையே கேட்டதாக எண்ணிக்கொண்டதுதான் வீண். என் சினம் முழுவதும், தன்னை மூட்டியவனைத் தேடிக் கண்டுபிடித்து, என் தொப்பிக்குள் வந்தமர்ந்து அவிந்தது.

"நாங்க போனப்புறம் இந்த மேசையில படிப்பு நடக்குமா?" என்றேன். குரல் எனக்கே சிறிதாகக் கேட்டது.

அவள் கைகளை மேலாடையில் துடைத்துக்கொண்டு என்னை நேர்நோக்கினாள்.

"நடக்கும் மாமா. நான் படிப்பேன். ஆனா மத்தியானம் மட்டுந்தான். ராத்திரி எனக்குக் கண்ணு சொருகிடும், முடியும்னு பொய் சொல்ல மாட்டேன். உங்க வேகத்துல படிக்க மாட்டேன். புரியலன்னா மறுநாளும் அதையே படிப்பேன். உங்க மகன் உக்காந்து கேப்பாரு, இல்லன்னா அவருக்குக் கெழங்கு கெடையாது. நீங்க ஊசி எடுத்து அந்தப் பட்டிழையை ஒழுங்காத் தெச்சு வெச்சுட்டுப் போங்க."