தொண்ணூற்றெட்டில் இறந்தவர்

பிளேஸ்டோ என்ற ஆங்கிலப் புறநகரில் பஸ் ஓட்டிய மன்னார்க்காரர் கஸ்பர், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வைத்தியசாலையின் அவசரப் பிரிவு நாற்காலியில் இறந்துபோனார். சற்று நேரத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இரத்தத்தின் ஒட்சிசனை அளக்க விரலில் மாட்டிய கிளிப் தொண்ணூற்றெட்டு என்று காட்டியது. நல்ல இலக்கம். உயிரோடு இருந்தபோது மூச்சு முட்டுகிறது என்று அவர் சொன்னதற்கு, இந்த ஆட்கள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று அறிந்திருந்த இளம் வைத்தியர், பதற்றமாக இருக்கலாம், ஓய்வெடுங்கள் என்றார். அதிகாரிகளை மறுத்துப் பேசிப் பழகாத கஸ்பர் எழுந்து பஸ் பிடித்தார்.

கையைத் தொட்டதும் மனைவி பெர்னடெற் பதறினார். "இஞ்சேருங்கோ, உங்களுக்கு மூச்சே இல்லையப்பா."

"ஓம், எனக்கும் தெரியுது. ஆனா தொண்ணூற்றெட்டாம்."

வைத்தியர் சொல்லாமல் யாரையும் அடக்கம் செய்ய முடியாது என்று பங்குச் சுவாமியார் கைவிரித்தார். கஸ்பர் சோபாவில் இருந்தார். பசியில்லை, நித்திரையில்லை, களைப்பு மட்டும் போகவில்லை.

அதே வைத்தியசாலையில் சுவாச நோய் நிபுணராக இருந்த, செவன் கிங்ஸ் பகுதியில் வசித்த சிவரூபினி, அந்தக் கிளிப் கருத்த தோலில் ஒட்சிசனைக் கூட்டிக் காட்டுகிறது என்று பல வருடங்களாக ஆய்வுக் கட்டுரைகள் எழுதி வந்தார். நிர்வாகம் அவரை மிகவும் மதித்தது. முன்மண்டபத்தில் அவர் படத்தை மாட்டியது, சமத்துவக் குழுவில் சேர்த்தது, கிளிப்பை மட்டும் மாற்றவில்லை. பெர்னடெற் கணவரை அவரிடம் கூட்டிப்போனார். கஸ்பரின் நாடியில் எடுத்த இரத்தம் தார்போல் வந்தது.

"அண்ணை, நீங்கள் செத்துப்போனீங்கள். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

கஸ்பர் விம்மி அழுதார். "நான் சொன்னதை நம்பின முதல் டொக்டர் நீங்கள்தான்."

சிவரூபினி அவரை நிர்வாகக் குழுவின் முன் நிறுத்தினார். தலைவர் கிளிப்பை மாட்டிப் பார்த்தார், தொண்ணூற்றெட்டு. ஒருவரை வைத்து முடிவெடுக்க முடியாது என்றார், சிவரூபினியின் குரலில் இருந்த கடுமை தம்மை வருத்தியதாகவும் சொன்னார். ஆகவே சிவரூபினி இப்படி இறந்த மற்றவர்களையும் தேடினார். எட்மண்டனிலிருந்து ஒரு ஜமைக்கா தச்சர் வந்தார், நைஜீரியத் தாதி வந்தார், சில்ஹெட் சமையற்காரர் வந்தார், முன்மண்டபம் நிறைந்தது. இத்தனை பேரும் கணக்கில் உயிரோடு இருந்ததால், மிகக் குறைந்த மரண வீதத்துக்கான விருது அந்த வருடம் அந்த வைத்தியசாலைக்கே கிடைத்தது.

விருது விருந்தில் புகைப்படத்துக்காக முன்வரிசையில் நிற்கச் சிவரூபினியை அழைத்தார்கள். அவர் மேடையேறி, கருகச் சுட்ட கோழிக்காலில் கிளிப்பை மாட்டினார். திரையில் தொண்ணூற்றெட்டு. பிறகு அவித்த வெள்ளை மீனில் மாட்டினார். உடனே அபாய மணி அலறியது. மீனைக் காப்பாற்ற இரண்டு நிபுணர்கள் ஓடிவந்தார்கள்.

உணவை அவமதித்ததாக அவர்மீது விசாரணை நடந்தது; பேராசிரியர் பதவி ஐந்து வருடம் தள்ளிப்போனது. ஆனால் மண்டபம் முழுக்கப் பார்த்ததை மறைக்க ஏலவில்லை. கிளிப்புகள் மெல்ல மெல்ல மாற்றப்பட்டன. மூச்சு முட்டுகிறது என்று வந்த பிளேஸ்டோப் பெண்களுக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்; அவர்கள் உயிரோடு வீடு திரும்பினார்கள். நாற்காலிகளில் இறந்தவர்கள் இப்போது கணக்கில் சேர, அடுத்த வருடம் மரண வீதம் திடீரென ஏறியதற்குச் சிவரூபினியே காரணம் என்று நிர்வாகம் வருத்தத்துடன் அறிவித்தது.

கஸ்பரை ஒரு சனிக்கிழமை அடக்கம் செய்தார்கள். முறைக்காகக் காத்திருந்த மற்ற இறந்தவர்கள் கோயிலின் பின்வரிசை வாங்குகளில் அமைதியாக இருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பூசை முடிந்ததும், அடுத்த வாரம் வருகிறவர்கள் கார்களைப் பள்ளிக்கூடப் பக்கம் நிறுத்தும்படி சுவாமியார் கேட்டுக்கொண்டார்.