மலையில தூங்கினது யாரு

என் தம்பி தூங்கலை. இதை முதல்லயே சொல்லிடறேன். ஏன்னா இன்னைக்கு ஊரே அவன் தூங்கிட்டான்னுதான் சொல்லுது.

நான் பஸ் கண்டக்டர். எனக்கு மூக்கு மேல கோபம்னு டிப்போவுல எல்லாருக்கும் தெரியும். படியில தொங்கறவனைச் சட்டையைப் பிடிச்சு உள்ள இழுத்துப் போடுவேன். பையை வச்சு ரெண்டு சீட்டைப் பிடிக்கிறவனை எழுப்பி விடுவேன். எங்க டிரைவர் எனக்கு வச்ச பேரு 'சைரன்'. வச்சுக்கட்டும், எனக்கென்ன. ஆனா அன்னைக்கு என் பஸ்லயே, பின் சீட்டுல ரெண்டு பேர் பேசிட்டு வந்தாங்க. "அந்த ரேடியோக்காரன் மட்டும் முழிச்சிருந்தா அத்தனை பேரும் பொழைச்சிருப்பாங்கப்பா." "விடு, சம்பளம் வாங்கிட்டுத் தூங்கறவன் எங்கதான் இல்லை?" முன் படிக்கட்டுல போய் நின்னுக்கிட்டு, அடுத்த ஸ்டாப் பேரைக்கூடச் சொல்லாம வந்தேன். அந்த ரேடியோக்காரன் என் கூடப் பிறந்தவன்.

இந்தப் பேச்சை ஊர் வாயில போட்டது கர்னல். ராணுவத்துல இருந்து ஓய்வு வாங்கி அரசியலுக்கு வந்தவரு. முதல்ல ஒரு கட்சி, அங்க சீட் குடுக்கலைன்னதும் எதிர்க் கட்சி, அங்கயும் ஒத்து வராம இப்ப இருக்கிறது மூணாவது. எங்க போனாலும் அதே மீசை, அதே மெடல், அதே பேச்சு. நகராட்சித் தலைவரா இருந்தப்ப, லேட்டா வந்தாங்கன்னு தெரு கூட்டறவங்களை வெயில்ல வரிசையா நிக்க வச்சாரு. அதுல ஒரு அம்மா மயங்கி விழுந்து மண்டை உடைஞ்சுது. கேட்டதுக்கு "ஒழுக்கம்"னாரு. நர்சுங்க வேலைநிறுத்தம் பண்ணினப்ப, "களத்தை விட்டு ஓடினவங்க"ன்னு மைக்குல சொன்னாரு. அப்பல்லாம் ஊர் கொதிக்கும். உடனே மலைக் கதையை எடுத்து விடுவாரு. பனி மலை, காவல் முகாம், விடிய விடியச் சண்டை, அவரோட பசங்க ஒவ்வொருத்தரா விழுந்தது. கடைசியில குரல் உடையும். நர்சுங்களை மறந்துட்டு ஜனம் கண்ணைத் துடைச்சுக்கும்.

அந்தப் பசங்கள்ல ஒருத்தன் என் தம்பி. அவன் போகும்போது அவன் மக கைக்குழந்தை.

போன தேர்தலுக்கு எங்க வீட்டுக்கே வந்தாரு. எங்க வீடுன்னா ரெண்டு ரூமு. ஒண்ணுல நான், ஒண்ணுல தம்பி பொண்டாட்டியும் அவ பொண்ணும். பத்து கேமராவோட அந்த ரூமுக்குள்ள நுழைஞ்சு, கட்டில்ல உக்காந்து, பொண்ணு தலையில கையை வச்சு, "உங்க அப்பன் கடைசி மூச்சு வரைக்கும் ரேடியோவை விடலைம்மா. அவன் சிங்கம்"னாரு. அந்தப் போட்டோ ஊர் பூரா போஸ்டர். பொண்ணுக்குப் பெருமை தாங்கலை. பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில இருந்த போஸ்டர்ல மழை பட்டுக் கிழிஞ்சிருந்ததை இவளே பசை வச்சு ஒட்டிட்டு வந்தா.

இந்தத் தேர்தல்ல எதிராளி ஒருத்தன் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டான். "முகாமை அடிச்சிருக்காங்க. கீழ் முகாம் பக்கத்துலயேதான் இருக்கு. உதவி வேணும்னு ரேடியோவுல ஒரு குரல்கூட வரலையே, ஏன்? கமாண்டர் என்ன பண்ணிட்டிருந்தார்?" அவ்வளவுதான். ஒரே வாரம். கர்னல் பிளேட்டை மாத்திப் போட்டாரு. சிங்கமா இருந்தவன் தூங்குமூஞ்சி ஆயிட்டான். "செத்தவனைப் பத்திச் சொல்லக் கூடாதுன்னுதான் இத்தனை வருஷம் மனசுலயே வச்சிருந்தேன். ரேடியோப் பையன் தூங்கிட்டான்." இதைச் சொல்லும்போதும் குரலை உடைச்சாரு பாருங்க, அந்த நடிப்புக்குத்தான் மெடல் குடுக்கணும்.

மறுநாள் சாயங்காலம் பொண்ணு அடுப்படியில வந்து நின்னா. "அத்தை, நான் உள்ள நுழைஞ்சா எல்லாரும் குறட்டை விடறாங்க."

"யாரு?"

"கிளாஸ்ல எல்லாரும். டீச்சர் திரும்பினதும் விடறாங்க. நான் இனிமே போகலை." புத்தகப் பையை மூலையில போட்டுட்டு, "அப்பா நிஜமாவே தூங்கிட்டாரா?"ன்னு கேட்டா.

இல்லைன்னு சொன்னேன். எப்படித் தெரியும்னு கேட்டா. எனக்கு வந்த ஆத்திரத்துல கையில இருந்த கரண்டியைச் செவுத்துல அடிச்சேன், சாந்து பேந்துடுச்சு. புத்தகப் பை மூலையில கிடந்தபடி கிடந்தது. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு வெளிய தலை காட்டவே இல்லை.

அவ கேட்ட கேள்விக்குப் பதில் கர்னல் வாயில இருந்தே வந்துச்சு. டிவி பேட்டி. நாங்க மூணு பேரும் கட்டில்ல உக்காந்து பார்க்கறோம். கேள்வி கேட்டவன் விடலை, "தூங்கினதுக்கு ஆதாரம் என்ன சார்?"ன்னான். கர்னல் முன்னாடி சாய்ஞ்சு உக்காந்தாரு. "நானே கண்ணால பார்த்தேன். பக்கத்துலயேதானே இருந்தேன். போர்வைக்குள்ள சுருண்டு கிடக்கிறான். ரேடியோ ஒரு பக்கம் கிடக்குது. பேட்டரியைக் கழட்டிச் சட்டைக்குள்ள போட்டுக்கிட்டு, அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கறான். ரேடியோ எப்படிங்க வேலை செய்யும்?"

தம்பி பொண்டாட்டி மெதுவா என் பக்கம் திரும்பினா. "அண்ணி, பேட்டரி..."

அந்த மலைக் குளிருக்குப் பேட்டரியை வெளிய வச்சா செத்துப் போயிடும். அதனால குறிச்ச நேரத்துக்கு ரேடியோவைப் போட்டுப் பேசிட்டு, உடனே கழட்டி ரேடியோக்காரன் சட்டைக்குள்ள வச்சுக்கணும். உடம்புச் சூட்டுல வச்சிருந்தாத்தான் அடுத்த தடவை பேசும். கடைசியா லீவுல வந்தப்ப தம்பி இதைச் சொல்லிச் சிரிச்சான். "உன்னை விட அதைத்தான் அதிகமாக் கட்டிக்கிட்டுப் படுத்திருக்கேன்"னு பொண்டாட்டியை வம்புக்கு இழுத்து, முதுகுல ஒரு அடி வாங்கினான். அந்த முகாம்ல ஒரே ஒரு ராத்திரி படுத்திருந்தாலும் இது தெரியாம இருக்காது. பேட்டரி சட்டைக்குள்ள இருந்துச்சுன்னா அவன் வேலையைச் செஞ்சிட்டிருந்தான்னு அர்த்தம். இந்த மனுஷனுக்கு அது தெரியலை. அப்படின்னா இவரு அங்க படுக்கவே இல்லை. குளிருக்குப் பயந்து கீழயே இருந்திருக்காரு. பொணத்தைத் தூக்கிட்டு வந்தவங்க சொன்னதைக் கேட்டுட்டு, கண்ணால பார்த்தேன்னு நாக்கு கூசாமச் சொல்றாரு.

தூக்கிட்டு வந்தவங்கள்ல ஒருத்தரை எனக்குத் தெரியும். அந்த முகாம் சமையல்காரர். எல்லாரும் மாஸ்டர்னு கூப்பிடுவாங்க. தம்பியைப் புதைச்ச அன்னைக்கு என்கிட்ட, "கை சட்டைக்குள்ள இருந்துச்சும்மா"ன்னு அழுதவரு. பேட்டரியை எடுக்கறதுக்குள்ள குண்டு பட்டிருக்குன்னு எனக்கு இப்பத்தான் புரிஞ்சுது. இப்ப கர்னல் போற இடமெல்லாம், 'என் பழைய படைவீரன்'னு ஜீப்புல ஏத்திக் காட்டற ஆளு அவருதான். போன் பண்ணினேன். "மாஸ்டர், சம்பவத்தப்ப உங்க சார் எங்க இருந்தாரு?"ன்னு கேட்டேன். "சாரைப் பத்தி மட்டும் என்கிட்ட கேக்காதீங்கம்மா"ன்னு வச்சிட்டாரு.

மூணு நாள் கழிச்சு எங்க டிப்போ வாசலுக்கே ஓட்டுக் கேட்டு வந்தாங்க. மதியம் ஷிப்ட் மாறுற நேரம், மெக்கானிக்குங்க, டிரைவருங்க, கண்டக்டருங்கன்னு நல்ல கூட்டம். திறந்த ஜீப்புல கர்னல், பக்கத்துல கட்சித் தொப்பி போட்டுக்கிட்டு மாஸ்டர். டிரைவருங்களைப் பார்த்ததும் கர்னல் புத்தி சொல்ல ஆரம்பிச்சிட்டாரு. "ஸ்டியரிங் பிடிக்கிறவன் கண் அசரலாமா? என் முகாம்ல ஒருத்தன் அசந்தான். என்ன ஆச்சு?"ன்னாரு.

எனக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சு. "அந்த ஒருத்தனோட அக்கா நான்!"னு கத்தினேன். பட்டறை உள்ள சுத்தியலடி நின்னு போச்சு.

மனுஷன் அரசியல்வாதி ஆச்சே, அரை நொடிதான் முழிச்சாரு. ஜீப்புல இருந்து குதிச்சு நேரா என்கிட்ட வந்தாரு. ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. "அம்மா, என்னை மன்னிக்கணும். பேப்பர்க்காரங்க என் பேச்சைத் திரிச்சிட்டாங்க. உங்க தம்பி சிங்கம்! முகாம்ல விழுந்த பசங்களுக்கு நாளைக்கு நினைவுக் கல் திறக்கிறோம். அதுல முதல் பேரு அவன் பேரு. நீங்களும் அவன் பொண்ணும் என் பக்கத்துல நிக்கணும்." கூட்டம் கை தட்டுது. மைக்கை என் கையில திணிச்சாரு. "ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

பின்னாடி இருந்து எங்க டிரைவர் என் முழங்கையை இடிக்கிறாரு. "சரின்னு சொல்லிடும்மா. பொண்ணு நாளைக்கே பள்ளிக்கூடம் போகும்."

அவரு சொன்னது நிஜம். நான் நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னா, கல்லுல பேரு வரும், குறட்டைச் சத்தம் நிக்கும், பொண்ணு பையைத் தூக்கும். அதுக்காக எதையும் பண்ணுவேன்னு நினைச்சிருந்தவதான் நான். ஆனா இந்த ஆளு இன்னைக்குச் சிங்கம்பாரு, நாளைக்கு வேற ஒருத்தன் வேற கேள்வி கேட்டா மறுபடி தூங்குமூஞ்சின்னுவாரு. செத்தவனைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைக்க அவன் என்ன இவரு வீட்டுப் பாயா?

"என் தம்பி தூங்கலை"ன்னு மைக்குல சொன்னேன். "சட்டைக்குள்ள பேட்டரி வச்சிருந்தது குளிருக்கு. அந்த முகாம்ல இருந்த எல்லாருக்கும் அது தெரியும். இவருக்குத் தெரியலை. ஏன்னா இவரு அங்க இல்லை."

மைக்கைக் கட் பண்ணிட்டாங்க. பண்ணட்டுமே. நெரிசல் நேரத்துல பின் படியில நின்னு முன் படிக்குக் குரல் குடுக்கறவளுக்கு மைக் எதுக்கு? "மாஸ்டர்! நீங்க சொல்லுங்க! அன்னைக்கு உங்க சார் எங்க இருந்தாரு?"

கர்னல் சிரிச்சாரு. அவருக்கு அவ்வளவு தைரியம். வாழ்க்கை பூரா எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத ஆளு மாஸ்டர். "கேட்கிறாங்கள்ல, சொல்லுய்யா. நடந்ததை நடந்தபடி சொல்லு!"ன்னு பழைய அதிகாரத்தோட ஒரு சத்தம் போட்டாரு.

மேலதிகாரி அந்தக் குரல்ல கேட்டா சிப்பாய்க்கு யோசிக்கத் தெரியாது போல. மாஸ்டர் எழுந்து விறைப்பா நின்னாரு. சல்யூட் அடிச்சாரு. பார்வை எதிர்ச் சுவத்துல.

"மண்ணெண்ணெய் எடுக்க நான் கீழ் முகாமுக்கு வந்திருந்தேன் சார். நீங்க அங்கதான் படுத்திருந்தீங்க சார். மேல வெடிச் சத்தம் கேட்டுச்சு சார். உங்களை எழுப்பினேன் சார். விடிஞ்சதும் பார்த்துக்கலாம்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டீங்க சார்."

அத்தனை சார் போட்டுச் சொன்னாரு. இது எனக்கே தெரியாது. இவரு கீழ இருந்தாருன்னுதான் நினைச்சேன். எழுப்பினாங்க, இவரு திரும்பிப் படுத்தாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? பாய்ஞ்சு அந்த மீசையைப் பிடிச்சேன். ஆமா, பிடிச்சேன். மூணு பேர் சேர்ந்து என்னை இழுத்தாங்க.

"வயசாச்சு, ஞாபகம் குழம்பிடுச்சு பாவம்"னு கர்னல் சொன்னதை யாரும் காதுல வாங்கலை. ஜீப் கிளம்பிடுச்சு. மாஸ்டரை விட்டுட்டுப் போயிட்டாங்க. அவரு வாசல்லயே தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நின்னாரு.

"இத்தனை வருஷம் இந்த வாய் எங்கய்யா போச்சு?"ன்னு அவரையும் கேட்டேன்.

"என்னை யாரும் கேக்கலைம்மா. எல்லாரும் சாரைத்தான் கேட்டாங்க."

அவரை நான் மன்னிக்கலை. ஆனா வீட்டுக்குப் போக அவருக்கு வழி இல்லை, என் பஸ்லயே ஏத்தி விட்டேன்.

இதுக்கப்புறம் அந்த ஆளு தோத்திருப்பாருன்னுதானே நினைக்கிறீங்க? ஜெயிச்சாரு. ஓட்டுக் கொஞ்சம் குறைஞ்சுது, அவ்வளவுதான். இப்ப மந்திரி. நினைவுக் கல்லையும் திறந்தாங்க, அதுல என் தம்பி பேரு இல்லை. என்னை ஊருக்கு வெளிய, ஆளே ஏறாத ரூட்டுக்குத் தூக்கிப் போட்டாங்க. காலி பஸ்ல யாரைத் திட்டறது சொல்லுங்க.

பொண்ணு பள்ளிக்கூடம் போறா. அவளே பையைத் தூக்கினா, யாரும் சொல்லலை. முதல் நாள் ஒருத்தன் குறட்டை விட்டானாம். இவ திரும்பி, "அது எங்க அப்பா இல்லடா, உங்க மந்திரி"ன்னாளாம். கிளாஸே சிரிச்சுதாம். சொல்லிட்டு வீட்டுக்கு வந்து அம்மா மடியில விழுந்து அழுதா.

மலைக் கதையை கர்னல் அதோட விட்டுட்டாரு. இப்ப மேடையில வேற கதை ஓடுது. ஏதோ வெள்ளமாம், இவரு படகுல போய் ஜனங்களைக் காப்பாத்தினாராம், படகு ஓட்டினவன் அவசரப்பட்டுத் தப்புப் பண்ணிட்டதால பாதிப் பேரைத்தான் மீட்க முடிஞ்சுதாம், அவனும் முழுகிட்டானாம். சொல்லும்போது குரல் உடையுது. ஜனமும் கண்ணைத் துடைச்சுக்குது.

அந்தப் படகுக்காரனுக்கும் ஒரு அக்காவோ தங்கச்சியோ இருப்பா. என் ரூட்டுல ஏறுற ஒவ்வொருத்தர்கிட்டயும் விசாரிச்சிட்டு இருக்கேன்.