டீமனுக்குள் எங்கள் குடித்தனம்

எங்கள் நிறுவனத்தில் காருக்கு ஒரு புது வசதி வேண்டுமென்றால், அது எந்த மனிதரிடம் நன்றாக இருக்கிறதோ அவரிடமிருந்து கழற்றி டீமனில் மாட்டிவிடுவோம். டீமன் என்பது கண்ணில் படாமல் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல். எந்தக் கார் எதைக் கேட்டாலும் அது பதில் சொல்லும். அதில் மாட்டப்படும் ஒவ்வொரு துண்டுக்கும் ப்ளக்இன் என்று பெயர். கதவு பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கும் ப்ளக்இன், டெஸ்டிங் பிரிவு ரெஜினாவிடமிருந்து வந்தது. அவர் வீடு இப்போது திறந்தே கிடக்கிறது. மறைமலை நகரில் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் உள்ளே போவதில்லை.

என்னிடம் இருந்தது களைப்பைக் கண்டுபிடிப்பது. முகத்தைப் பார்த்தாலே ஒருவர் எவ்வளவு அசந்துபோயிருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். என் மனைவி வசுமதி செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவள். மாலையில் நான் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போதே அவளைப் பார்த்து, "இன்னிக்கு நான் சமைக்கிறேன்" என்பேன். அவள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொள்வாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஒரு பெயர் மட்டும் எடுத்து வைத்திருந்தோம். இருந்தாலும் நன்றாகத்தான் இருந்தோம்.

வண்டி ஓட்டுபவர் தூங்கி விழுவதற்குள் எச்சரிக்க ஒரு ப்ளக்இன் வேண்டுமென்று எங்கள் குழுத் தலைவர் தாமோதரன் சார் கேட்டார். கொடுத்தேன். வலிக்கவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போனபோது வசுமதியின் முகத்தில் கண், மூக்கு, வாய் இருந்தன. வேறொன்றும் தெரியவில்லை.

"களைப்பா இருக்கியா?" என்று கேட்டேன்.

"இத்தனை வருஷத்துல இத நீங்க கேட்டதே இல்லையே," என்றாள்.

டீமனிடம் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் ஓட்டுநர் இருக்கையில் இருப்பவரைப் பற்றி மட்டுமே அது சொல்லும். அதனால் தினமும் வசுமதியைக் கீழே அழைத்துப்போய், நிறுத்தி வைத்திருந்த எங்கள் காரில் அந்த இருக்கையில் உட்காரச் சொல்வேன். களைப்பு என்றால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரியும். தினமும் எரிந்தது. எரிந்ததும் மாடிக்குப் போய்ச் சமைப்பேன்.

"ஓட்டவே தெரியாதவளத் தினம் கொண்டாந்து இங்க உக்கார வைக்கிறீங்க," என்றாள் ஒரு நாள். "என் மூஞ்சியப் பாக்கறதுக்கு உங்களுக்கு ஒரு லைட்டு வேணுமா?"

வேண்டியிருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

கழற்றித் தந்துவிடும்படி தாமோதரன் சாரிடம் கேட்டேன். ஒவ்வொரு ப்ளக்இன்னுக்கும் மாட்டும்போது உள்ளே வரும் பகுதி, கழற்றும்போது வெளியே போகும் பகுதி என்று இரண்டு எழுத வேண்டும். வருவதைப் பார்த்துப் பார்த்து எழுதுவது எங்கள் குழுவின் வழக்கம். போவதில் 'வெற்றி' என்று ஒரே ஒரு சொல்லைப் போட்டு வைப்போம், பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று. பிறகு யாரும் எழுதியதில்லை. சார் என்னுடையதைக் கழற்றினார். டீமன் 'வெற்றி' என்றது. எதுவும் வெளியே வரவில்லை.

"அதான் வெற்றின்னு வந்துருச்சே," என்றார் சார். "இதுக்கு மேலன்னா டீமனையே நிறுத்தணும்ப்பா. ரோட்டுல ஒரு வண்டியாவது ஓடிட்டிருக்கிறப்ப எப்படி நிறுத்துறது?"

எப்போதும் ஏதோ ஒரு வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அடுத்ததாக, நிறுத்தி வைத்த கார் தன் ஆளுக்காகக் காத்திருக்க வேண்டுமென்று முடிவானது. காத்திருப்பது எங்கள் அலுவலகத்தில் யாருக்குமே வரவில்லை. வசுமதி எனக்கு முன்பே வீடு திரும்பிவிடுவாள். ஆனாலும் நான் வரும்வரை டீ குடிக்க மாட்டாள். இரண்டு டம்ளரையும் தட்டு போட்டு மூடி வைத்திருப்பாள். இதை நானே எப்போதோ கேன்டீனில் பெருமையடித்திருந்தேன். சார் அவளை வரவழைத்தார்.

"எடுத்துக்கோங்க சார்," என்றாள் வசுமதி, பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்தபடி.

அவள் முகத்தைப் பார்த்தேன். கண், மூக்கு, வாய். நாற்காலியில் விளக்கு கிடையாது. வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்று மாலை வீட்டில் ஒரே ஒரு டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

டீமனுக்குள் மட்டும் நிலைமை வேறு. ப்ளக்இன்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது என் திரையில் ஓடும். அவளுடையது, 'வந்தாச்சா?' என்று கேட்கும். என்னுடையது, 'வந்துட்டேன், நீ உக்காரு' என்று சொல்லும். எந்தக் காரும் எதுவும் கேட்காத நேரத்திலும் அவை பேசிக்கொண்டிருந்தன. படிக்கப் படிக்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

போன திங்கட்கிழமை டீமனில், எங்கள் இரண்டு ப்ளக்இன்களுக்கும் நடுவில், புதிதாக ஒரு ப்ளக்இன் இருந்தது. யாரும் எழுதியதல்ல. அது என்ன செய்யும் என்றும் தெரியவில்லை. சோதனைக் காரின் ஹாரனை மட்டும் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது.

"பேர் வைக்காம வெளிய விட முடியாது," என்று சார் என்னையும் வசுமதியையும் கூப்பிட்டார்.

வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றும் தொட்டியில் ரெஜினா கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் விட்டார். யாரும் சொல்லாமலேயே வசுமதி ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். குனிந்து, மைக்கில் வாயை வைத்து, நாங்கள் எடுத்து வைத்திருந்த பெயரை மூன்று முறை சொன்னாள். ஹாரன் அடங்கியது. நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் பார்த்தேன். முதல் முறையாக மஞ்சள் விளக்கு எரியவில்லை.

"கொஞ்ச நேரம் இரு வசு, சேந்தே போயிடலாம்," என்றேன்.

"எனக்கு இருக்கத் தெரியலீங்களே," என்று சொல்லிவிட்டு இறங்கி, பஸ் பிடிக்கப் போனாள்.

வேலை முடிந்து நான் வெளியே வந்தபோது சோதனைக் கார் வாசலில் நின்றுகொண்டிருந்தது. கதவு திறந்தது. உள்ளே தட்டு போட்டு மூடிய டம்ளர்கள் மூன்று இருந்தன. இரண்டில் டீ. சின்னதில் பால், சூடாக இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஆற்றிக் கொடுத்தேன்.