சிவப்பு மூடி

வாழ்நாள் முழுக்க டப்பா பீரைத் தவிர வேறு எந்தச் சரக்கையும் தொடாத டென்னி, புதன்கிழமை மதியம் டயர் கிடங்கின் கூரை மேல் உட்கார்ந்து சாண்ட்விச்சைக் கடித்தபடியே சொன்னான்.

"சனிக்கிழமை ஐயோவா சிட்டிக்குப் போறோம்டா. அங்க ஒவ்வொரு ப்ரூவரியா ஏறி எறங்கறோம். ராத்திரி தங்கிட்டு ஞாயித்துக்கிழமை திரும்பறோம். செலவு மொத்தமும் என்னுது."

அவனிடம் கூரை வேலை செய்யும் லைல், கடித்த ரொட்டியைக் கீழே வைத்தான்.

"பாஸ், வெயில் தலைல ஏறிருச்சா?" என்றான் மார்வ். உடம்பும் பெரிது, வாயும் பெரிது அவனுக்கு. "போன தடவை ஒரு மடக்கு குடிச்சுட்டு, இது பீரா இருமல் மருந்தான்னு கேட்டுட்டு வண்டிலயே போய்ப் படுத்துக்கிட்டீங்க."

"மனுசன் மாறக் கூடாதா?" டென்னி சிரித்தான். பல் மட்டும் சிரித்தது.

அந்தப் பயணம் டென்னியுடையதே அல்ல. அவர்களோடு கூரை ஏறிய ராய்ஸுடையது. வருசா வருசம் அக்டோபரில், கூரை வேலை ஓய்கிற சமயம் பார்த்து, ராய்ஸ்தான் சொந்த ஊரான ஒட்டம்வாவிலிருந்து எல்லோரையும் அந்தக் கல்லூரி ஊருக்கு ஓட்டிக்கொண்டு போவான். எந்த ப்ரூவரியில் இந்த மாதம் புதிதாக என்ன பீர் காய்ச்சியிருக்கிறார்கள், எதை முதலில் குடித்தால் நாக்கு கெடாமல் இருக்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. தார் ஒட்டிய விரலால் கிளாசைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "ஆரஞ்சுத் தோல் மணக்குது பாரு" என்பான். "எனக்கு உன் சாக்ஸ்தான் மணக்குது" என்பான் மார்வ்.

அந்த ராய்ஸ் இப்போது அதே ஊரில்தான் இருந்தான். பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில், முதுகெலும்பு நொறுங்கி, தாடையைக் கம்பியால் கட்டிப்போட்டு, மூன்று வாரமாய்க் கிடந்தான். தேவாலயக் கூரையின் சரிவிலிருந்து விழுந்தவன். கூரையில் அவன் பெயரை இப்போது யாரும் எடுப்பதில்லை.

"மொதல்ல ரயிலடிக்குப் பக்கத்துல இருக்கறது," டென்னி விரலை மடக்கினான். "அப்பறம் ஆத்தங்கரை. சாயங்காலம், அந்தக் காலேஜ் பசங்க மொய்க்கிற இடம்." ராய்ஸ் போகிற வரிசை அது. அப்படியே ஒப்பித்தான். செத்தவன் சட்டையை மாட்டிக்கொண்டு ஒருவன் எதிரே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது லைலுக்கு.

"சனிக்கிழமை அங்க ஃபுட்பால் மேட்ச் பாஸ்," என்றான் லைல். எப்படியாவது இது நின்றுபோக வேண்டும் அவனுக்கு. "ஊரே கறுப்பு மஞ்சள் சட்டையா நிக்கும். நாய் படுக்கக்கூட எடம் இருக்காது."

"ரெண்டு ரூம் போட்டாச்சு. ஆஸ்பத்திரிக்கு எதுத்த மோட்டல்."

"மேட்ச் அன்னிக்கா? எப்படிக் கெடச்சுது?"

"கேக்கற விதமா கேட்டா கெடைக்கும்."

மார்வ் மெல்வதை நிறுத்தினான். "எதுத்தாப்லன்னா, ராய்ஸையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துரலாமே."

"பாவம்டா, தொந்தரவு பண்ணக் கூடாது," என்று டென்னி காகிதத்தைக் கசக்கி எறிந்தான். காற்று அதைக் கூரை விளிம்புக்கு உருட்டிக்கொண்டு போய் அந்தப் பக்கம் தள்ளியது. மூவரும் அதையே பார்த்தார்கள். அப்புறம் மூவரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

கூரை முகட்டில் புது இரும்பு வளையங்கள் பளபளத்தன. அவற்றில் மாட்டிக்கொள்ள ஆளுக்கு ஒரு மஞ்சள் கயிறு, ஆளுக்கு ஒரு புது இடுப்பு வார். அசைந்தால் புதுச் செருப்பு மாதிரி கீச்சிடும். ராய்ஸ் விழுந்த காலையில் அந்தத் தேவாலயக் கூரையில் இதெல்லாம் இல்லை. வளையம் இல்லை, கயிறும் இல்லை. ராய்ஸ் கேட்டான். "ஒரு மணி நேர வேலைக்கு என்னடா கயிறு, ஏறு" என்றான் டென்னி. ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்பிய பிறகுதான் டென்னி வண்டியைத் திறந்து வளையத்தையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறினான். "ஸ்க்ரூவ எடு" என்றான். ஏணியில் நின்ற லைல் எடுத்துக் கொடுத்தான். இருபது வருசப் பழக்கம். மேலே இருப்பவன் கேட்டால் கை தானாக நீளும், புத்தியைக் கேட்காது. மார்வ் அன்றைக்குப் பல் பிடுங்கப் போயிருந்தான். பார்த்தது லைல் ஒருவன்தான்.

அந்த லைலிடம் கேட்க, திங்கட்கிழமை, விபத்தை விசாரிக்கும் மாநிலத்துப் பாதுகாப்பு அதிகாரி வருகிறார்.

மார்வ் ஆணிப்பெட்டி எடுக்கக் கீழே இறங்கியதும் டென்னி பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான்.

"ராய்ஸ் அவனேதான் கயித்தக் கழட்டினான். நீ பாத்த. இல்ல?"

லைல் முழங்காலில் ஒட்டியிருந்த தாரைச் சுரண்டினான்.

"ஒண்ணும் அவசரமில்ல," டென்னி அவன் தொடையைத் தட்டினான். "சனிக்கிழமை நிதானமா ரெண்டு கிளாஸ் உள்ள போகட்டும், பேசிக்கலாம். அந்த வளையத்த நான் தனியா மாட்டல, லைல். ஞாபகம் இருக்கட்டும்."

லைலுக்கு அப்போதுதான் பயணம் எதற்கென்று முழுதாக விளங்கியது. அவன் குடி ஒட்டம்வாவுக்கே தெரிந்த கதை. மூன்றாவது கிளாசுக்குமேல் லைலுக்கு எல்லோரும் உடன்பிறந்தவர்கள். போன வருசம் அப்படித்தான் படகு மோட்டாரை மார்வுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு, காலையில் எழுந்து தேடிக்கொண்டிருந்தான். குடித்துச் சொன்னதை மறுநாள் மாற்றுகிற ஆளும் இல்லை. சொன்னால் சொன்னதுதான் என்று ஒரு வறட்டுப் பெருமை. டென்னிக்கு அதுவும் தெரியும். சனிக்கிழமை ஒரே ஒரு 'சரி' வாங்கிவிட்டால் திங்கட்கிழமை அது நிற்கும். ராய்ஸ் அஜாக்கிரதையில் விழுந்தவன் என்று ஊர் பேசும். தாடை கட்டிய ராய்ஸ் அதைக் கேட்டுக்கொண்டு கிடப்பான்.

ஆனால் ஒரு வழி இருந்தது. அதுவும் ராய்ஸ் செய்துவைத்த வழிதான்.

மார்வ் திரும்பி வந்ததும் லைல் கேட்டான். "வண்டி யாரு ஓட்டறது?"

"நான்," என்றான் டென்னி. "நீங்க குடிங்க. நான் ஒரு சொட்டு தொடப்போறதில்ல. உக்காந்து உங்களப் பாத்துக்கறேன்."

குடிக்காத டென்னியை அவன் ஒரு சனிக்கிழமைகூடப் பார்த்ததில்லை.

"சீட்டுக் குலுக்காம எப்படி?" என்றான். "ராய்ஸ் ரூல் அது. மூடி எடுக்கணும்."

வெகுநாள் கழித்து லைலின் வாயிலிருந்து அந்தப் பெயர் விழுந்தது. டென்னி நிமிர்ந்து பார்த்தான்.

"ஆமா பாஸ், மூடி எடுக்காம போனா பதிமூணாம் தேதி வெள்ளிக்கிழமை போன மாதிரி," என்று ஏதும் அறியாமல் மார்வ் எழுந்தான். "அவன் சாப்பாட்டு டப்பா இன்னும் வண்டிலதான் கெடக்கு. இருங்க."

மார்வ் எடுத்து வந்த டப்பாவுக்குள் நான்கு பீர் மூடிகள் இருந்தன. மூன்று வெறும் மூடி. ஒன்றில் கூரைக்குக் குறி போடும் சிவப்புப் பெயின்ட். தலைக்கவசத்துக்குள் போட்டுக் கண்ணை மூடி எடுக்க வேண்டும். சிவப்பு வந்தவன் அன்றைக்கு நாக்கை நனைக்கக் கூடாது, வண்டி அவன் பொறுப்பு. சிவப்பு எடுத்தவனை யாரும் குடி என்று வற்புறுத்தவும் கூடாது. அதுதான் லைலுக்கு வேண்டியிருந்தது.

"மூணு பேருதானே," என்று டென்னி டப்பாவை வாங்கித் திரும்பி உட்கார்ந்தான். எதென்று காட்டாமல் ஒரு மூடியை எடுத்து எறிந்தான். அது காகிதம் போன வழியே போயிற்று. தலைக்கவசத்தைக் குலுக்கி நீட்டினான்.

லைல் கண்ணை இறுக்கிக்கொண்டு கையை விட்டான். வந்தது வெறும் மூடி.

மார்வ் எடுத்தான். வெறும் மூடி. "அப்பாடா! என் கொடலு பொழச்சுது."

டென்னி கையை உள்ளே விட்டு, மூடிய கையோடு எடுத்து, நேராகச் சட்டைப் பைக்குள் போட்டான். "பாத்தியா லைல்? விதியே என்னத்தான் ஓட்டச் சொல்லுது."

கையை அவன் விரிக்கவே இல்லை.

சாயங்காலம் லைல் வீட்டுக்குள் நுழைந்து பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை, ஃபோன் அடித்தது. ராய்ஸின் மனைவி நோரீன், ஆஸ்பத்திரியிலிருந்து. மூன்று வாரமாக அவளுக்குப் பயந்துதான் அந்த ஃபோனை அவன் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தான். இன்றைக்கு ஏனோ எடுத்துவிட்டான்.

"லைல், உங்களத் திட்டணும்னுதான் இருந்தேன். ஒருத்தனாவது எட்டிப் பாத்தீங்களா? ஆனா இன்னிக்கு மோட்டல் பொண்ணு சொன்னதுமே எல்லாம் போச்சு."

"எந்தப் பொண்ணு?"

"எதுத்த மோட்டல்ல இருக்கறவ. மேட்ச்சுக்கு எத்தன கூட்டம் வந்தாலும் நோயாளி குடும்பத்துக்குன்னு ரெண்டு ரூம் ஒதுக்கி வெப்பாங்க. சனிக்கிழமை ஒரு ராத்திரியாவது காலை நீட்டிப் படுக்கலாமேன்னு போய்க் கேட்டேன். நாக்காலியிலயே தூங்கி முதுகு விட்டுப்போச்சு. அவ சொல்றா, ரெண்டுமே உங்க குடும்பத்துக்குத்தான்மா போயிருக்கு, ராய்ஸ் ப்ரூயிட்டோட அண்ணன் தம்பிங்க மூணு பேர் வர்றாங்கன்னு." அவள் குரல் உடைந்து சிரித்தது. "ராய்ஸுக்கு ஏது அண்ணன் தம்பி? நீங்கதான்னு தெரிஞ்சுபோச்சு. அவன்கிட்ட சொன்னேன். பேச முடியல, கண்ணு மட்டும் நனஞ்சுது. எனக்கு ரூம் போனா போகுது, நீங்க வந்தா போதும்."

லைல் பூட்ஸோடு தரையில் உட்கார்ந்தான். கேக்கற விதமா கேட்டா கெடைக்கும். அந்த அறையில் உட்கார வைத்துத்தான், ராய்ஸின் பெயரில் போட்ட கட்டிலில் உட்கார வைத்துத்தான், ராய்ஸுக்கு எதிரான 'சரி'யை டென்னி வாங்கப்போகிறான்.

"நோரீன்," என்றான். "நாங்க அவனப் பாக்க வரல. குடிக்க வர்றோம். ரூம் போட்டது டென்னி."

அவள் வாயெடுக்கும் முன் லைலே தொடர்ந்தான்.

"இன்னொண்ணும் இருக்கு. அன்னிக்குக் காலைல கூரைல கயிறே இல்ல. ராய்ஸ் கேட்டான். டென்னி குடுக்கல. அவன் விழுந்ததுக்கப்பறம்தான் டென்னி வளையத்த மாட்டினான். ஸ்க்ரூ எடுத்துக் குடுத்தது நான்."

நோரீன் பேசினாள். சிரிப்பு வற்றிப்போயிருந்தது.

"மூணு வாரமா அந்த இன்ஷூரன்ஸ்காரன் என்கிட்ட என்ன கேக்கறான் தெரியுமா? உங்க வீட்டுக்காரர் எப்பவுமே கவனமில்லாதவரான்னு. தனக்கே நெனவு தப்பிப்போச்சோ, தானே கழட்டினோமோன்னு ராய்ஸே பயந்துக்கிட்டுக் கெடக்கான். ஃபோன் அவன் காதுல வெக்கறேன். இத அவன்கிட்டயே சொல்லு."

லைல் சொன்னான். ஒன்றையும் விடாமல், ஸ்க்ரூவையும் சேர்த்து, இரண்டு தடவை சொன்னான். பதிலுக்கு அந்தப் பக்கம் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா கோபமா என்று தெரியவில்லை.

"இன்னிக்கே கெளம்பி வரேன்," என்றான். "அந்த அதிகாரி ஆபீஸுக்குக் காலைல அங்கருந்தே ஃபோன் போடறேன். திங்கக்கெழம வரைக்கும் நான் இங்க இருந்தா நல்லதில்ல."

சாவியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தபோது வெளியில் இன்னும் வெளிச்சம் இருந்தது. வாசலில் டென்னி நின்றான். கையில் ஒரு பெட்டி. உள்ளே பாட்டில்கள் மோதிக்கொண்டன.

"சனிக்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்னு தோணுச்சு," என்றான். "ராய்ஸுக்குப் புடிச்ச சரக்குதான். ஆரஞ்சுத் தோல் மணக்குமாம்ல." ஒன்றைத் திறந்து நுரை வழிய நீட்டினான். "குடி."

"இல்ல பாஸ். வண்டி ஓட்டணும்."

"சிவப்பு மூடி எனக்குல்ல வந்துது?"

"வந்துதா? காட்டுங்க."

டென்னியின் கை சட்டைப் பைக்குப் போகவில்லை. நீட்டிய பாட்டிலும் இறங்கவில்லை. அவன் கண் லைலின் கையிலிருந்த சாவிக்கு வந்து, தரையில் வெளிச்சம் அணையாமல் கிடந்த ஃபோனுக்குப் போய், திரும்ப லைலின் முகத்துக்கு வந்தது.

"யாருகிட்ட பேசின?"

லைல் அவன் தோளுக்கு அப்பால் பார்த்தான். டென்னியின் பெரிய வண்டி, லைலின் வண்டிக்குப் பின்னால் வழியை அடைத்துக் குறுக்கே நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"ராய்ஸ்கிட்ட," என்றான் லைல்.