செவலைப் பாலும் என் மாத்திரையும்

எனக்குக் கோபம் வருகிறது. மூஞ்சியில்தான் வரமாட்டேன் என்கிறது. பார்க்கிறவர்களுக்குக் குப்பண்ணன் சிவனே என்று உட்கார்ந்திருக்கிறான். உள்ளே நான் கத்துகிற கத்தல் வெளியே வந்தால் பெருமாட்டி ஊர் முழுக்கக் கேட்கும்.

மூளையில் டோபமைன் என்று ஒன்று சுரக்குமாம். அதைச் சுரக்கிற உயிரணுக்கள் எனக்குப் பாதிக்கு மேல் செத்துப்போய்விட்டனவாம். அதனால்தான் இந்த நடுக்கமும் விறைப்பும், மூஞ்சி அசையாமல் கிடப்பதும் என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்னார். செத்ததை எழுப்ப முடியாது, ஆனால் மாத்திரை மூளைக்குப் போய் டோபமைனாக மாறும், கை கால் இளகும் என்றார். எங்கே இளகியது? விடிந்தால் மரக்கட்டை.

போன முறை டாக்டர் கேட்டார். "டிபனுக்கு அரை மணி முன்னாலதானே மாத்திரை குடுக்கறீங்க?"

"ஆமாங்க, அரை மணி ஆகாம இட்லியக் கண்ணுலயே காட்டமாட்டனுங்க," என்றாள் என் வீட்டுக்காரி நாச்சம்மாள். பொய் இல்லை.

டாக்டர் அளவைக் கூட்டினார். இன்னொரு மாத்திரையும் சேர்த்தார். அதற்கும் கேட்காவிட்டால் மண்டையில் துளை போட்டுக் கம்பி வைத்துக் கரண்டு விடலாம் என்றார். என் மகன் கோபிநாத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். ஆட்டுவான், அவன் மண்டையா?

எனக்குச் செவலையைக் கறக்க வேண்டும், அவ்வளவுதான். கன்றிலிருந்து நான் வளர்த்த மாடு. என் கைக்குத்தான் பால் விடுவாள். நாச்சம்மாள் உட்கார்ந்தால் பால் போசியை எட்டி உதைப்பாள். என் விரலோ காம்பைப் பிடிக்கும், அழுத்தாது. பாதிதான் கறந்தேன். மிச்சம் மடியில் கட்டிக்கொண்டது.

"மடி வீங்குதுங்கப்பா. வாயில்லாச் சீவனைப் பாடுபடுத்தக் கூடாதுங்க. குடுத்துப்போடலாம்," என்றான் கோபிநாத்.

"வெள்ளிக்கெழம வரைக்கும் பொறுடா. புது மாத்திரை கேக்கும்."

அந்த வாரம் நாச்சம்மாளுக்கு அக்கறை கூடிப்போனது. சாயங்காலப் பாலை எடுத்துவைத்து, விடியக்காலை காய்ச்சி, பெரிய டம்ளர் நிறையக் கொண்டுவந்தாள். "வெறும் வவுத்துல இத்தன மாத்திரை போட்டா கொடலு வெந்துபோயிருங்க. எப்பவும்போலப் பாலோட முழுங்குங்க." முழுங்கினேன். மாடு கட்டின வீட்டில் மருந்தைத் தண்ணீரில் தருவது கேவலம்.

வெள்ளிக்கிழமையும் மரக்கட்டைதான். கொழிஞ்சாம்பாறை வியாபாரி டெம்போவில் செவலையை ஏற்றினார். அவள் கதறினாள். எனக்கு அதற்கும் தொண்டை இல்லை.

சனிக்கிழமை வீட்டில் பால் இல்லை. பாக்கெட் பாலைக் கையால் தொடமாட்டேன் என்று நாச்சம்மாள் பால் விடாத கட்டன் சாயாவோடு மாத்திரையைத் தந்தாள். கொஞ்ச நேரத்தில் சட்டைப் பொத்தானை நானே போட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் அதே கதை. கோபிநாத்துக்குச் சந்தேகம் தட்டி டாக்டருக்குப் போன் போட்டான், ஸ்பீக்கரில்.

"இத்தனை நாளும் பாலோடயா? பால்ல இருக்கிற புரதம் மாத்திரையைச் சரியா ஏற விடாதுங்களே. தண்ணிலதான் குடுக்கோணும்."

"நம்ம செவலைப் பாலுதானுங்களே குடுத்தேன்?" என்றாள் நாச்சம்மாள்.

கோபிநாத் உடனே வியாபாரியைக் கூப்பிட்டான். மாடு நேற்றே கைமாறி எங்கேயோ போய்விட்டதாம்.

நான் எழுந்து கட்டுத்தறிக்குப் போனேன். கால் எங்கும் தரையோடு ஒட்டி நின்றுவிடவில்லை. சாணம் கூட இன்னும் முழுக்கக் காயவில்லை. கறக்கிற இடத்தில் குந்தி, விரலை மடக்கி அழுத்திப் பார்த்தேன். என்ன அழகாக அழுத்துகிறது, எழவெடுத்த கை!

நாச்சம்மாள் பின்னால் வந்து நின்றாள். "ஏனுங்க, எம்மேல கோவமுங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் திரும்பினேன். இத்தனை மாதமாக வராத கோபம் அப்போது பார்த்து என் மூஞ்சியில் வந்து நின்றது. அவள் பார்த்துவிட்டாள்.