இருக்கிற வீடு

"குடும்பத்துக்கு ஒரு டொக்கியுமென்ட் அக்கா. தாய், தேப்பன், பிள்ளையள் எல்லாரும் அதுக்குள்ளை—"

"ஆளுக்கு ஒண்டு வேணும் எண்டு நான் அப்பவே—"

"ஒருக்கால் சொல்லி முடிக்க விடுங்கோவன்!"

"நீர் முடிச்ச வடிவைப் போன புதன்கிழமை ஊரே பார்த்தது!"

நிரோஜா இப்படிச் சொன்னதும் பிறேம் நாற்காலியைக் கணினிப் பக்கம் திருப்பினான்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருந்த சின்னக் கந்தோர் அது; இரண்டு மேசை, இரண்டு கணினி. நிரோஜாவும் அவனும் தங்கள் தேவாலயச் சபைக்கென்று ஒரு மென்பொருள் செய்து கொடுத்திருந்தார்கள். பிறந்தநாள் வந்தால், இன்னார் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் என்று சபையார் எல்லாருக்கும் அதுவே செய்தி அனுப்பும். சபையாரின் விவரங்களைக் குடும்பத்துக்கு ஓர் ஆவணமாக அதற்குள் கட்டிவைத்தவன் பிறேம். கலியாணம் முடித்துப் போன பெண்ணைத் தாய் வீட்டு ஆவணத்துக்குள்ளும் வைத்தான், புருஷன் வீட்டு ஆவணத்துக்குள்ளும் வைத்தான். ஒன்றைத் திருத்தினால் மற்றது திருந்தாது.

புதன்கிழமை நிரோஜாவின் பிறந்தநாள். செய்தியில் புருஷன் வீட்டு விலாசம் போய்விட்டது; கேக்கும் பாட்டுப் புத்தகமுமாகச் சபையார் அரியாலைக்குப் போய்க் கதவைத் தட்ட, அவள் புருஷன் எமில்ராஜ் திறந்தான்.

"அவ உடுவிலிலை, தாயோடை. மூண்டு மாதமாச்சு."

அதுவரை சபையில் ஒருவருக்கும் தெரியாது.

"அம்மா வீட்டு டொக்கியுமென்டிலை இருக்கிற என்னை, உடுவிலுக்கு வந்த அண்டைக்கே நான் திருத்திப்போட்டன்," என்றாள் நிரோஜா. "அங்கை இருக்கிற என்னை ஆர் திருத்திறது?"

"நீங்களே திருத்தியிருக்கலாம்தானே?"

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அரியாலை ஆவணத்தையும் அன்றைக்கே அவள் திறந்தாள்தான். எமில்ராஜின் பெயருக்குக் கீழே தன் பெயர். அழிக்கக் கை வரவில்லை. மூடிவிட்டாள்.

"சரி, உங்கடை சொல்லே இருக்கட்டும்," என்று பிறேம் தட்டத் தொடங்கினான். "இனி ஆளுக்கு ஒண்டு. ரெண்டு வீடும் உங்களைச் சுட்டிக் காட்டும், அவ்வளவுதான். நீங்கள் ஒரே ஒரு நிரோஜா. சந்தோசமோ?"

"ஓம். அதைத்தானே விடியத் தொடங்கிக் கத்திறன்."

வென்றவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு இடத்திலும் இருந்தது பிழைதான். ஆனால் அந்தப் பிழைக்குள் மூன்று மாதம் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டாள்.

திரையில் அவளுடைய புது ஆவணம். பெயர் இருந்தது, பிறந்த திகதி இருந்தது. அடுத்த கட்டம் வெறுமையாக, சிவப்பாக நின்றது. அதை நிரப்பாமல் சேமிக்க முடியாதபடி செய்யச் சொன்னவளும் அவள்தான், இன்று காலை.

பிறேமின் குரல் இறங்கிவிட்டது.

"அக்கா, இருக்கிற வீடு எது எண்டு போட?"